விமான நிலையத்துக்கு யார் பெயர்? அந்த நிலம் யாருடையது?

மதுரை விமான நிலையத்துக்கு யார் பெயரை வைப்பது என்ற சண்டை தேர்தல் நெருங்கினால் தவறாமல் வந்துவிடுகிறது. 2025 செப்டம்பரில் அ.தி.மு.க. பொதுச்செயலாளர் எடப்பாடி பழனிசாமி, முத்துராமலிங்கத் தேவர் பெயரைச் சூட்ட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அறிவித்தார். தியாகி இமானுவேல் சேகரன் பெயர்தான் வேண்டும் என்று நம் பக்கமிருந்து பதில் குரல் எழுந்தது. சுவரொட்டிகள், கண்டன அறிக்கைகள், செல்பேசியில் சுற்றிய படங்கள் எல்லாம் நமக்குத் தெரியும்.

அதற்குப் பத்து மாதம் முன்பு, 2024 நவம்பரில், அதே விமான நிலையத்தை ஒட்டிய சின்ன உடைப்பு கிராமத்து மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டியல் சமூக மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. ஓடுதள விரிவாக்கத்துக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்று இடமும் வீடும் கொடுத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள் என்பதுதான் மக்கள் கேட்டது. வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. அந்த ஊரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர்ச் சண்டைக்கு வந்த கூட்டம் நிலச் சண்டைக்கு ஏன் வரவில்லை என்பதுதான் நாம் இங்கே கேட்க விரும்பும் கேள்வி. இதற்குப் பதில் தேட வேண்டுமென்றால் 1957க்கும் 1997க்கும் போய்வர வேண்டும்.

பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை

"பெயரில் என்ன இருக்கிறது, சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் எல்லா இடத்திலும் தங்கள் ஆட்களின் பெயரையும் சிலையையும் ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். தென்மாவட்டங்களில் பெயர் என்பது தெருவில் யார் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்பதற்கான அறிவிப்பு.

இமானுவேல் சேகரன் 1924இல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் பிறந்தவர். 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றவர். பிறகு ராணுவத்தில் இருந்தார். ஊர் திரும்பி, ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10 அன்று அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில், மற்றத் தலைவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட முத்துராமலிங்கத் தேவரைப் பின்னர் நீதிமன்றம் விடுவித்தது. 2011 செப்டம்பர் 11 அன்று அவருடைய நினைவு நாளுக்குப் பரமக்குடியில் கூடிய மக்கள்மீது காவல்துறை சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். ஆகவே விமான நிலைய வாசலில் எந்தப் பெயர் வருகிறது என்பதை நாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கோபம் நியாயமானது.

அரசு இந்தக் கோபத்தை எப்படிக் கையாளும் என்பதற்கு 1997 நல்ல பாடம். அப்போது தமிழ்நாட்டில் மாவட்டங்களும் போக்குவரத்துக் கழகங்களும் தலைவர்கள், மன்னர்கள் பெயரில் இயங்கின. கட்டபொம்மன், பாண்டியன், சேரன், சோழன் என்று பேருந்துகள் ஓடின. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் இருந்தது. காமராசர் மாவட்டம் இருந்தது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமும் இருந்தது. அந்த ஆண்டு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை தி.மு.க. அரசு வைத்தது.

அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன. கலவரம் பரவி உயிர்கள் போயின. தாக்கியவர்களைக் கட்டுப்படுத்துவது ஒரு வழி. அரசு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1997 ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டன. ஒரு தலித் வீரனின் பெயர் பேருந்தில் ஓடக்கூடாது என்றவர்களுக்காக அம்பேத்கர் பெயரும் பெரியார் பெயரும்கூட வரைபடத்திலிருந்து போயின. இதை நடுநிலை என்று சொன்னார்கள்.

அதே ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலவளவில், பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் மற்ற ஐந்து தலித்துகளும் கொல்லப்பட்டார்கள். மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பேருந்தின் பெயர்ப் பலகையை மாற்ற அரசால் ஓர் உத்தரவில் முடிந்தது. அந்தப் பேருந்துக்குள் இருந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த விமான நிலையம் யாருக்கானது?

மதுரையில் விமானம் இறங்கத் தொடங்கியது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். ஆங்கிலேய விமானப்படை பயன்படுத்திய தளம் அது. பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சிறிய உள்நாட்டு நிலையமாகவே இருந்தது. 2010இல் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2012இல் சுங்க விமான நிலையமாகி, கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் போனது. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று வழித்தடங்கள் கூடின. இன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோகிறார்கள்.

வருகிறவர்கள் தொழிலதிபர்களும் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் மட்டும் இல்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் பக்கத்து வாசல். நம் மக்களுக்கு வெளிநாட்டுச் சம்பளம் என்பது பண்ணையாரிடமிருந்து கிடைத்த விடுதலையும்கூட. தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்தை நினைத்துப் பாருங்கள். வளைகுடாவில் உழைத்த பணத்தில் நிமிர்ந்த தலித் ஊர் அது. 1995 ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை அந்த ஊருக்குள் புகுந்து வீடு வீடாக நொறுக்கியது. பாஸ்போர்ட்டுகளையும் கல்விச் சான்றிதழ்களையும் எரித்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள். எதை எரித்தால் நாம் திரும்ப எழ முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே "விமான நிலையமே வேண்டாம்" என்று நாம் சொல்லவில்லை. அது வளரட்டும். யாருடைய வீட்டின்மேல், எந்தக் கணக்கில் வளர்கிறது என்பதைத்தான் கேட்கிறோம்.

633 ஏக்கர்

இப்போதுள்ள 7,500 அடி ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்டுவது திட்டம். அப்போதுதான் பெரிய விமானங்கள் இறங்கும். அதற்காகக் கேட்கப்பட்ட நிலம் 633 ஏக்கர். அயன்பாப்பாகுடி, பெருங்குடி, குசவன்குண்டு, ராமன்குளம் போன்ற ஊர்களின் பட்டா நிலமும் புறம்போக்கும் அதில் வருகின்றன. பேச்சு தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தப் பதினைந்து ஆண்டு என்பது என்னவென்று சமூகப் பணியில் இருக்கிற நமக்குத் தெரியும். கையகப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்துவிட்ட நிலத்தை நல்ல விலைக்கு வாங்க ஆள் வராது. வங்கி கடன் தராது. ஓடு உடைந்தாலும் மாற்ற மனம் வராது, எப்படியும் இடிக்கப் போகிறார்கள். பிள்ளை கல்யாணத்துக்குக் கொஞ்சம் நிலத்தை விற்கலாம் என்றால் அதுவும் முடியாது. புல்டோசர் வருவதற்குப் பல வருடம் முன்பே ஊர் தேயத் தொடங்கிவிடும்.

நகரத்தின் ஓரத்தில் ஏன் எப்போதும் நம் ஊர்கள் மாட்டுகின்றன? ஊரின் விளிம்பில், கண்மாய்க்கு அந்தப்பக்கம் என்று சாதிதான் நமக்கு இடம் ஒதுக்கியது. நகரம் வளரும்போது விளிம்பில் இருப்பதைத்தான் முதலில் கேட்கும். பட்டா பல இடங்களில் கைக்கு வந்திருக்காது. பட்டா இல்லாதவருக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடம் கிடைப்பதும் எளிதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் 1894 சட்டத்தின் இடத்துக்கு வந்தது. மாணவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதில் நில உரிமையாளர் மட்டுமல்ல, அந்த நிலத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்து பிழைத்த கூலித் தொழிலாளியும் குத்தகைதாரரும் வருகிறார்கள். நிலம் இழக்கும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பத்துக்கு, எடுத்த அளவுக்கு நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அது தரப்பட வேண்டும். மறுகுடியமர்வு இடத்தில் ரேஷன் கடை, அங்கன்வாடி, சாலை ஆகியவற்றோடு, அங்கே குடியேறும் சமூகங்களின் வழக்கத்துக்கு ஏற்ற சுடுகாடு, இடுகாடும் வேண்டும் என்று அட்டவணையே சொல்கிறது. சுடுகாட்டுப் பாதைக்காக நம் ஊர்களில் எத்தனை பிணங்கள் காத்துக்கிடந்தன என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் அருமை புரியும்.

தமிழ்நாடு இதில் ஓர் ஓட்டையைப் போட்டது. 105ஏ என்ற மாநிலத் திருத்தத்தின் வழியாக மூன்று மாநிலச் சட்டங்களை 2013 சட்டத்திலிருந்து விலக்கிவைத்தது. தொழிற்பயன்பாட்டுக்கு நிலம் எடுக்கும் 1997 சட்டம் அதில் ஒன்று. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பது இந்தச் சட்டத்தில்தான். இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் மத்தியச் சட்டத்தின் அட்டவணைகள் பொருந்தும். ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. அதாவது, இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், எடுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிக் கேட்க வேண்டிய கட்டாயம் அரசுக்கு இல்லை.

இன்னொன்றையும் தோழமையோடு சொல்ல வேண்டும். 2021இல் நாடாளுமன்றம் ஏழு உட்பிரிவுகளைச் சேர்த்து தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரை ஏற்றது. அது நீண்ட போராட்டத்தின் வெற்றி. பட்டியலிலிருந்தே வெளியேற வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே ஒலிக்கிறது. அந்த விவாதம் நடக்கட்டும். ஆனால் மேலே சொன்ன இரண்டரை ஏக்கர் உரிமை பட்டியலில் இருப்பவருக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிலம் பறிபோகும் ஊரில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது அந்தக் கணக்கையும் மக்கள்முன் வைக்க வேண்டும்.

பெயரும் நிலமும் ஒரே போராட்டமாக

பெயரையும் நிலத்தையும் சேர்த்துப் பிடித்த ஊர் ஒன்று மராட்டியத்தில் இருக்கிறது. நவி மும்பை நகரத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது ஆக்ரி சமூக விவசாயிகளைத் திரட்டிப் போராடியவர் டி.பா. பாட்டீல். 1984இல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐந்து விவசாயிகள் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாக, எடுத்த நிலத்தில் 12.5 விழுக்காட்டை மேம்படுத்திய மனையாகத் திருப்பித்தரும் திட்டம் வந்தது. நவி மும்பை விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று நிலம் கொடுத்த மக்களே தெருவுக்கு வந்தார்கள். 2022இல் மராட்டியச் சட்டமன்றம் அதற்குத் தீர்மானம் போட்டது. அங்கே பெயர் என்பது நிலம் இழந்தவர்களின் வரலாற்றுக்கான ரசீது.

மதுரையில் பெயர் ஒருபக்கமும் நிலம் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கிறது. பெயருக்காகப் பேசும் கட்சிகளுக்குச் செலவு இல்லை. அறிக்கை விட்டால் போதும், ஒப்புதல் தருவது மத்திய அரசு. மறுகுடியமர்வு அப்படி இல்லை. இடம் பார்க்க வேண்டும், பட்டா போட வேண்டும், வீடு கட்ட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும். செலவில்லாத வாக்குறுதியைப் பற்றி நாம் எவ்வளவு சண்டை போட்டாலும் அவர்களுக்கு நல்லதுதான். நாளைக்கே 1997 போல "எந்தத் தலைவர் பெயரும் வேண்டாம்" என்று முடித்துவிடவும் முடியும். அன்றைக்கு நம் கையில் பெயரும் இருக்காது, நிலமும் இருக்காது.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை பெயர்ச் சண்டை வரும்போது ஊர்ப் பட்டியலையும் கையில் எடுங்கள். எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலில் கூலித் தொழிலாளிகளும் பட்டா இல்லாதவர்களும் இருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்று இடம் எங்கே, அதற்குப் பாதை உண்டா, தண்ணீர் உண்டா, சுடுகாடு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சமூகவியல் படிக்கிறவர்கள் இந்த ஊர்களின் வரலாற்றை, பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

இமானுவேல் சேகரன் பெயரை அந்த வாசலில் கேட்பது நம் உரிமை. சமமாக உட்கார்ந்து பேசியதற்காக உயிரைக் கொடுத்தவர் அவர். அவர் பெயரில் நாம் வைக்கும் முதல் கோரிக்கை, சின்ன உடைப்பு மக்களோடு அரசு சமமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பதாக இருக்கட்டும்.