சுவான்சோ: செருப்பு தைக்கும் பழைய துறைமுகம்

சுவான்சோ, சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள துறைமுக நகரம்; அந்நாட்டின் முக்கியமான உற்பத்தி மையங்களில் ஒன்று. ஜின் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தைவான் நீரிணையைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. வடக்கே ஃபூசோ, தெற்கே சியாமென். இரண்டுக்கும் நடுவில் இது. தமிழில் குவான்சோ, குவான்சு என்றும் எழுதுகிறார்கள். நம் வணிகர்கள் சரக்கெடுக்கப் போகும் குவாங்சோ, அதாவது பழைய கான்டன், வேறு ஊர். பெயர் ஒலிப்பில் நெருங்கியிருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

‘நகரம்’ என்று சொன்னாலும் நிர்வாகக் கணக்கில் இது பெரிய மாவட்டம் போன்றது. சுமார் 11,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2020 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 88 லட்சம் மக்கள். பழைய நகரத்தைச் சுற்றிய நான்கு பேட்டைகளுடன் ஜின்ஜியாங், ஷிஷி, நானான் என்ற மூன்று சிறு நகரங்களும், ஹுய்ஆன், அன்ஷி, யோங்சுன், தெஹுவா என்ற வட்டங்களும் இதற்குள் அடங்கும். தைவானின் ஆட்சியில் இருக்கும் கின்மென் தீவையும் சீன அரசு இதன் பகுதியாகவே வரைபடத்தில் காட்டுகிறது. 2020இல் நகரத்தின் மொத்த உற்பத்தி மதிப்பு ஒரு லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு தனியார் தொழில்களுடையது. அரசு பெரிய ஆலை கட்டிக் கொடுத்து வளர்ந்த ஊர் அல்ல சுவான்சோ. வீட்டுத் திண்ணையில் தொடங்கி வளர்ந்த ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

கல்யாண முருங்கை நகரம்

பத்தாம் நூற்றாண்டில் நகர மதிலைப் பெரிதாக்கியபோது, அதைச் சுற்றிச் செந்நிறப் பூ பூக்கும் மரங்களை நட்டார்கள். சீனர்கள் அதை ‘சித்தோங்’ என்றார்கள். நம் ஊரில் வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர நடும் கல்யாண முருங்கைதான் அது. அரபு மாலுமிகள் வாயில் சித்தோங் ‘சைத்தூன்’ ஆயிற்று. மார்க்கோ போலோவும், 1340களில் இங்கே கரையிறங்கிய இப்னு பதூதாவும் அந்தப் பெயரால்தான் இந்த ஊரைக் குறிப்பிடுகிறார்கள். சாட்டின் துணிக்கு அந்தப் பெயர் சைத்தூனிலிருந்து வந்தது என்று கருதுவோர் பலர்.

1087இல் சோங் அரசு இங்கே கடல்வணிகச் சுங்க அலுவலகம் ஒன்றைத் திறந்தது. அடுத்த முந்நூறு ஆண்டுகள் சுவான்சோவின் பொற்காலம். பருவக்காற்று நல்லபடி வீச வேண்டுமென்று அதிகாரிகள் ஜியுரி மலைக்குப் போய் வழிபட்டு, அந்தச் செய்தியைப் பாறையில் வெட்டிவைத்தார்கள். அவை இன்றும் இருக்கின்றன. சுங்க அதிகாரியாக இருந்த சாவ் ருக்குவா 1225இல் எழுதிய நூலில் அரபு நாடுகள் முதல் சோழநாடு வரை, எங்கிருந்து என்ன சரக்கு வருகிறது என்று பட்டியலிட்டிருக்கிறார். 1974இல் ஹௌசூ கடற்கரைச் சேற்றிலிருந்து 13ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். மிளகும் வாசனைக் கட்டைகளும் அதன் அறைகளில் அப்படியே இருந்தன.

ஆனால் இந்த ஊரை வெறும் இறக்குமதித் துறைமுகமாக நினைப்பது தவறு. போகும் கப்பலை நிரப்பும் சரக்கு பக்கத்து மலைகளிலேயே உற்பத்தியானது. தெஹுவாவில் பீங்கான் சூளைகள். அன்ஷியில் இரும்பு உருக்கிய களங்கள். 2021இல் யுனெஸ்கோ சுவான்சோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கோயில், மசூதி, பாலங்களோடு இந்தச் சூளைகளையும் இரும்புக் களத்தையும் சேர்த்து மொத்தம் 22 இடங்களைக் குறித்தது. உற்பத்தி இந்த ஊருக்கு நேற்று வந்த தொழில் அல்ல என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாலங்களில் லுவோயாங் பாலத்தை அவசியம் சொல்ல வேண்டும். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தார்கள். கழிமுகத்தில் அலை ஏறி இறங்கும் இடம். கல்லை அடுக்கினால் நீரோட்டம் பெயர்த்துவிடும். கட்டியவர்கள் அஸ்திவாரக் கற்களின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி கல்லோடு ஒட்டி, ஓட்டோடு ஓடு சேர்ந்து, இடுக்குகளை எல்லாம் இறுக்கிவிட்டது. உயிருள்ள ஒன்றையே சாந்தாகப் பயன்படுத்திய அந்த அறிவு வியக்கவைக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாலத்தில் இன்றும் மக்கள் நடந்து போகிறார்கள்.

தமிழர் விட்டுச்சென்றவை

1956இல் இங்கே ஒரு கல் கிடைத்தது. மேலே தமிழ் வரிகள், அடியில் ஒரு சீன வரி. சக ஆண்டு 1203 சித்திரை, அதாவது கி.பி. 1281. குப்லாய் கான் சீனாவை ஆண்ட காலம். தவச்சக்கரவர்த்திகள் என்ற பட்டம் கொண்ட சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் ஆணை பெற்று, கானின் உடல்நலனுக்காகத் திருக்கானீச்சுரம் என்ற சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று கல் சொல்கிறது. கானின் பெயரிலேயே ஈச்சுரம்! பிழைக்கப் போன இடத்து அரசனை வாழ்த்தி, தன் சாமியை அங்கே குடியேற்றிய ஒரு தமிழ் வணிகக் கூட்டத்தின் குரல் அந்தக் கல்லில் இருக்கிறது.

கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் ஊர் முழுவதும் சிதறி, வேறு கட்டடங்களுக்குள் போய்விட்டன. 686இல் தொடங்கப்பட்ட காய்யுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்கு முன்னால் உள்ள மேடையின் அடியில், அந்தக் கோயிலிலிருந்து வந்த 73 சிற்பப் பலகைகள் பதிந்திருக்கின்றன. மனித முகமும் சிங்க உடலும் கொண்ட உருவங்கள். மண்டபத்தின் பின்புறத் தாழ்வாரத்தில் இரண்டு பதினாறுபட்டைத் தூண்கள். அவற்றின் வட்டங்களுக்குள் இரணியன் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர், மரங்களுக்கு நடுவே உரலை இழுக்கும் கண்ணன். சுவான்சோவில் கிடைத்த இன்னொரு புடைப்புச் சிற்பத்தில் யானை ஒன்று லிங்கத்துக்குப் பூச் சாத்துகிறது. திருவானைக்காக் கதை தெரிந்த எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

தமிழர் மட்டும் அல்லர். 1009இல் கட்டப்பட்ட சிங்ஜிங் மசூதி இங்கே இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் ஏறக்குறைய அழிந்துபோன மானி சமயத்தின் கோயில் ஒன்று, 1339இல் செதுக்கிய மானியின் கல்லுருவத்தோடு, ஜின்ஜியாங் அருகே நிற்கிறது. 1357இல் வெளிநாட்டுப் படைவீரர்கள் தொடங்கிய கலகம் பத்தாண்டு நீடித்து வணிகத்தைக் குலைத்தது. பின்வந்த மிங் அரசின் கடல்தடை மிச்சத்தை முடித்தது. துறைமுகமும் மண்மேடிட்டது.

கடல் கடந்த உறவுகள்

நிலம் குறைவு, அதுவும் உப்புக்காற்று அடிக்கும் நிலம், வாய் அதிகம். ஆகவே மக்கள் கப்பலேறினார்கள். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், மலேசியா, தைவான் எங்கும் இந்தக் கரையின் பேச்சான ஹோக்கியன் பேசும் குடும்பங்களில் பல, தங்கள் பூர்வீகம் ஜின்ஜியாங் அல்லது நானான் என்று சொல்லும். சிங்கப்பூரின் ரப்பர் அதிபர் லீ கோங் சியான் நானானில் பிறந்தவர். அந்த ஹோக்கியன் பேச்சில் தேயிலைக்கு ‘தே’ என்று பெயர். டச்சு வணிகர்கள் அதை மேற்கே கொண்டுபோனார்கள். நம் ‘தேயிலை’யின் தேயும் கடைவாசலில் கேட்கும் ‘டீ’யும் இந்தக் கரையின் சொல்தான். அன்ஷி மலைகளில் இன்றும் விளையும் தியேகுவான்யின் சீனாவின் புகழ்பெற்ற தேயிலைகளில் ஒன்று.

1949க்குப் பிறகு இந்தக் கரை போர்முனையாயிற்று. எதிரே கின்மென், 1958இல் அதன் மீது குண்டுமழை. எந்த நேரமும் சண்டை வரலாம் என்ற இடத்தில் அரசு பெரிய ஆலைகளைக் கட்டவில்லை. முப்பது ஆண்டுகள் அது தண்டனை போலத்தான் இருந்திருக்கும். 1978இல் சீனா தன் பொருளாதாரக் கதவைத் திறந்தபோது, கட்டிக்காக்க அரசு ஆலை எதுவும் இல்லாத ஊர் என்பதே இவர்களுக்கு வசதியாகிவிட்டது. வேலையற்ற ஆட்கள், வெளிநாட்டு உறவினர் பணத்தில் கட்டிப் பூட்டிக் கிடந்த வீடுகள், அங்கிருந்து வந்த சும்மா கிடந்த காசு — இந்த மூன்றையும் சேர்த்துக் கூட்டாகப் பட்டறைகள் போட்டார்கள். ஹாங்காங்கிலிருந்து துணியும் மாதிரியும் வரும். தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். 1984இல் ஜின்ஜியாங்கின் சென்தாய், ஆண்டுக்குப் பத்துக் கோடி யுவான் மதிப்புக்கு உற்பத்தி செய்த ஃபூஜியனின் முதல் சிற்றூர் என்ற பெயரை எடுத்தது.

அடுத்த ஆண்டே தலைகுனிவு. சென்தாய்ப் பட்டறைகள் சில வெள்ளைக் காளானையும் சர்க்கரையையும் சளி மருந்து என்று விற்றது 1985இல் மக்கள் நாளிதழில் அம்பலமாயிற்று. சிறுதொழில்களை ஆதரித்த மாகாணக் கட்சிச் செயலர் சியாங் நான் பதவியை இழந்தார். ‘ஜின்ஜியாங் சரக்கு’ என்றால் போலி என்று நாடே சொன்ன காலம் அது. அந்தப் பழியைத் துடைக்க வேண்டும் என்ற வைராக்கியம்தான் இந்த ஊரின் பிற்காலத் தொழில் வரலாற்றைப் பெரிதும் நடத்தியது என்று நினைக்கத் தோன்றுகிறது.

செருப்பு ஊர்

சென்தாயின் பெரிய குலம் திங் குலம். பழைய சைத்தூனில் குடியேறிய முஸ்லிம் வணிகர்களின் வழிவந்தவர்கள். நூற்றாண்டுகளில் பேச்சும் வழக்கமும் சீனமாகிவிட்டன. ஆனாலும் முன்னோருக்குப் படைக்கும்போது பன்றி இறைச்சி வைப்பதில்லை. 1979இல் அரசு இவர்களை ஹுய் என்ற முஸ்லிம் இனத்தவராக மறுபடி ஏற்றது. கப்பலில் மிளகும் தூபமும் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உலகுக்கு விளையாட்டுச் செருப்பு செய்கிறார்கள்.

1987இல் திங் ஷிசோங் என்ற 17 வயதுப் பையன், ஊர்ப் பட்டறைகளில் தைத்த 600 ஜோடி ஷூக்களோடு பெய்ஜிங் போனான். விற்றுவிட்டான், அதைவிடப் பெரிய பாடம் ஒன்றோடு திரும்பினான்: அதே ஷூ, மேலே ஒரு பெயர் இருந்தால் பல மடங்கு விலை. 1991இல் குடும்பம் தொடங்கிய நிறுவனம்தான் ஆன்டா. 1999இல் மேசைப்பந்து வீரர் கொங் லிங்ஹுயியை விளம்பரத்துக்குப் பிடித்தார்கள். அந்த அளவு நிறுவனத்துக்கு அது சூதாட்டம் போன்ற செலவு. அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். அதைப் பார்த்து எக்ஸ்டெப், 361 டிகிரி என்று அக்கம்பக்கத்து நிறுவனங்களும் நட்சத்திரங்களைத் தேடிப் போயின. ஆன்டா 2007இல் ஹாங்காங் பங்குச்சந்தைக்கு வந்தது. 2009இல் ஃபிலா பெயரின் சீன உரிமையை வாங்கியது. 2019இல் அதன் தலைமையிலான கூட்டு, சாலமன், வில்சன் பெயர்களை வைத்திருந்த பின்லாந்தின் அமர் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தையே வாங்கியது. எல்லோரும் பிழைக்கவில்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பிறகு அளவுக்கு மீறித் தயாரித்து, 2012 வாக்கில் கிடங்கில் சரக்கு தேங்கிப் பல நிறுவனங்கள் மூடின.

ஒரு ஷூவுக்கு எத்தனை கை வேண்டும் என்று பார்த்தால் இந்த ஊரின் பலம் தெரியும். அப்பர் வெட்டுபவர், அதைத் தைப்பவர், சோல் வார்ப்பவர், கட்டையில் மாட்டி இழுப்பவர், பசை தடவுபவர், லேஸ் பின்னுபவர், அட்டைப்பெட்டி மடிப்பவர். ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை; எல்லாம் பைக்கில் போய்வரும் தூரத்தில். உலகம் அறிந்த பெயரின் பின்னால், பெயரே இல்லாத ஆயிரம் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களில் ஏராளமானோர் சிச்சுவான், குய்சோ, ஜியாங்சி போன்ற உள்மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். ஊரின் செல்வத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அவர்களைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள்.

மற்ற ஊர்களும் இப்படியே ஆளுக்கொரு தொழில். 1987இல் ஜின்ஜியாங்கிலிருந்து தனி நகராகப் பிரிந்த ஷிஷியில் ஆயத்த ஆடை. நானானில் குழாய், குளியலறைச் சாமான்கள். அதன் ஷுயித்தோவில் உலகமெங்குமிருந்து வரும் கற்பாளங்களை அறுத்து மெருகேற்றுகிறார்கள், இந்தியக் கிரானைட் உள்பட. ஹுய்ஆனில் கற்சிற்பம். யோங்சுனில் ஊதுபத்தி. சானிட்டரி நாப்கின், டிஷ்யூ காகிதம் செய்யும் ஹெங்கான் 1985இல் ஜின்ஜியாங்கில் தொடங்கியது. தெஹுவாவின் வெண்பீங்கான் பற்றித் தனிக் கட்டுரையே வேண்டும். மிங் காலத்தில் ஹே சாவ்சோங் அந்த மண்ணில் வடித்த குவான்யின் தெய்வ உருவங்களில், களிமண் என்று நம்ப முடியாதபடி துணி மடிப்பு நெகிழ்ந்து விழும்.

இந்தத் தொழில் வளர்ச்சியின் வேகத்துக்கு விலையும் உண்டு. 2020 மார்ச் 7 அன்று, கோவிட் தனிமைப்படுத்தலுக்குப் பயன்பட்ட ஒரு விடுதி இடிந்து 29 பேர் இறந்தார்கள். அனுமதியில்லாமல் மாடி சேர்த்துக் கட்டிய கட்டடம் அது.

இத்தனைக்கும் நடுவில் பழைய வழக்கங்களும் இருக்கின்றன. கடலோரக் கிராமமான ஷுன்புவில் சிப்பி ஓடுகளைச் சுவரில் பதித்து வீடு கட்டியிருக்கிறார்கள். அங்கே பெண்கள், பாட்டிகள்கூட, கொண்டையைச் சுற்றி மொக்கும் பூவுமாக வளையம் வளையமாக வைக்கிறார்கள். கொஞ்ச காலமாக நகரத்துப் பெண்களும் அதைப் பார்த்து ஆசைப்பட்டு அங்கே போய்ப் பூ வைத்துக்கொள்கிறார்கள். பழைய நகரத்தில் நான்யின் இசையை இன்றும் கேட்கலாம். அது 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

2023 செப்டம்பரில் திறந்த ஃபூசோ–சியாமென் அதிவேக ரயில், சுவான்சோ வளைகுடாவின் மேல் பாலத்தில் ஓடுகிறது. சரக்கெடுக்கச் சீனா போகும் தமிழர்கள் ஒரு நாளை இந்த ஊருக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்க் கல்வெட்டு சுவான்சோவில் இல்லை. சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரயிலேறினால் காய்யுவான் கோயில் அன்றைக்கே பார்க்கக்கூடிய தூரம்தான். அங்கே பெரிய மண்டபத்தின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் சுற்றிப் போங்கள். தூண்கள் அங்கேதான் நிற்கின்றன.