இணைப்புநிலை வழித்தேர்வு

இணைப்புநிலை வழித்தேர்வு என்பது, கணிப்பொறி வலையமைப்பில் ரவுட்டர் என வழங்கும் திசைவி ஒவ்வொன்றும், தன்னை அடுத்துள்ள இணைப்புகளின் நிலையை எல்லாத் திசைவிகளுக்கும் அறிவித்து, பிற திசைவிகள் அறிவித்தவற்றையும் ஒரு படமாகத் தொகுத்து, அதனின்று செலவு குறைந்த பாதையைத் தானே கணித்துக்கொள்ளும் முறையாகும்.

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரில் ஒரு திசைவி இருப்பதாகக் கொள்வோமாயின், தருமபுரிக்கு நேரே செல்லும் மந்தமான இணைப்பின் செலவெண் 10 ஆகவும், அரூருக்குச் செல்வது 3 ஆகவும், அரூரிலிருந்து தருமபுரிக்குச் செல்வது 4 ஆகவும் இருக்குமிடத்து, சுற்றுவழியாயினும் அரூர் மார்க்கத்தின் கூட்டுத்தொகை 7 ஆதலால், அத்திசைவி அதனையே தேர்ந்தெடுக்கும். அரூர் இணைப்பு அறுபடின், மீண்டும் கணித்து நேர்வழிக்குத் திரும்பும். இக்கணிப்புக்கு ஆதாரம், டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் கண்டு 1959இல் பிரசுரித்த குறும்பாதை முறை.

1969இல் அமெரிக்காவில் தோன்றிய ஆர்ப்பாநெட் என்னும் கணிப்பொறி வலையமைப்பு, ஆரம்பத்தில் வேறொரு முறையையே கைக்கொண்டிருந்தது. அதில் திசைவிகள் தத்தம் தூரப் பட்டியலை அண்டைத் திசைவிகளோடு மட்டுமே பரிமாறிக்கொண்டமையால், இணைப்பு அறுந்த செய்தி மெல்லப் பரவி, தரவுப் பொதிகள் வட்டமிட்டு உழல நேர்ந்தது. இக்குறையைக் களைய, பிபிஎன் நிறுவனத்தைச் சார்ந்த ஜான் மெக்குவில்லன், ஐரா ரிச்சர், எரிக் ரோசன் ஆகியோர் வகுத்த இணைப்புநிலை முறை 1979இல் நடைமுறைக்கு வந்தது.

எனினும், கணிதம் எளிது; எல்லாத் திசைவிகளிடத்தும் ஒரே படம் இருக்கச் செய்வதே அரிது என்பதை 1980 அக்டோபர் 27ஆம் நாள் நிரூபித்தது. வன்பொருட் பழுதின் விளைவாக, மூன்று அறிவிப்புகள் 8, 40, 44 என்னும் வரிசையெண்களைத் தாங்கிப் பரவின. 63க்குப்பின் மீண்டும் 0இல் தொடங்கும் அவ்வெண்முறையில் ஒவ்வொன்றும் மற்றொன்றைவிடப் புதியதாகத் தோன்றியமையால், அவை ஓயாது சுழன்று, வலையமைப்பு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஸ்தம்பிக்கச் செய்தன.

இவ்வனுபவத்தின்பின், பழுதுக்கு ஈடுகொடுக்கும் பரப்பல் முறையை ராடியா பெர்ல்மன் 1983இல் வகுத்தார். அவர் பணிபுரிந்த டிஜிட்டல் என்னும் நிறுவனத்தில் ஐஎஸ்-ஐஎஸ் என்னும் இணைப்புநிலை நெறிமுறை உருவாயிற்று. இணையப் பொறியியல் பணிக்குழு 1989இல் அவ்வகையிலேயே ஓஎஸ்பிஎஃப் என்னும் நெறிமுறையை வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்புக்கு ஜான் மாய் எழுதி 1998இல் வெளிவந்த விதித்தொகுப்பின்படி, அறிவிப்பு ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கப்படாதது 60 நிமிடத்தில் காலாவதியாகும். வரிசையெண் வட்டமாகச் சுழலாது 32 பிட் அளவில் நேராக வளரும். பாதை காணும் கணிதம் டைக்ஸ்ட்ரா வகுத்ததாகவே இன்றும் நிற்க, பிற்கால நெறிமுறைகளின் விதிகளில் பெரும்பகுதி, படம் பிழைபடாது காப்பதற்கென்றே அமைந்துள்ளது.