கூரையும் குடியுரிமையும்: கொழும்பு நகரத் திட்டமிடல் பற்றிய ஒரு நோக்கு

நகரத் திட்டமிடல் வீதிகளையும் வீடுகளையும் ஒழுங்குபடுத்துவதோடு அமைவதன்று. நகரில் வாழத்தக்கார் யாவர் என்பதையும் அது தீர்மானிக்கின்றது. கொழும்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் விரிவடையவே, அதனை அடுத்திருந்த கொட்டாஞ்சேனையினின்றும் செல்வர் பலர் கறுவாத்தோட்டம் நோக்கிப் பெயர்ந்தனர். அவர் விட்டகன்ற வளவுகளில் தொழிலாளர்க்கான வரிசை வீடுகள் நெருங்கி எழுந்தன. 'தோட்டம்' என வழங்கும் இக்குடியிருப்புகளில் நீர்க்குழாயும் கழிப்பறையும் பல குடும்பங்கட்குப் பொதுவாயின. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் சுகாதாரக் கேடான கட்டடங்களைக் கட்டுப்படுத்த முயன்றது. 1921இல் பற்றிக் கெடிஸ் கொழும்பைப் பூங்கா நகராக்கத் திட்டம் வரைந்தார். எனினும் தோட்டங்களின் நெருக்கடி நீங்கிற்றில்லை. 1973இன் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமே வாடகைக் குடியினர் பலரை உரிமையாளராக்கிற்று.

ஆயின், உறுதிப்பத்திரம் மட்டும் போதுமானதன்று. 1983 யூலையில் வெள்ளவத்தைத் தமிழரின் இல்லங்கள் எரியூட்டப்பட்டபோது எந்த உறுதியும் அவரைக் காக்கவில்லை. 2007 யூன் 7ஆம் நாள், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றி நகரினின்றும் அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இச்செயலைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது.

வறியோர்க்குக் கூரை அரிதானமையும் தமிழர்க்கு வசிப்புரிமை மறுக்கப்பட்டமையும் வெவ்வேறு வரலாறுகளாகத் தோன்றலாம். கொட்டாஞ்சேனைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிக்கோ இரண்டும் ஒரே வாழ்வின் இரு சுமைகள். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காத திட்டம் நீதியான நகரை அமைக்கமாட்டாது.