பக்கத்து வீட்டு தீ உங்க வீட்டுக்கு வராம இருக்கணுமா? நடுச்சுவரை பாருங்க!

சென்னை,

வரிசை வீடு வாங்கப் போறவங்க டைல்ஸைப் பார்ப்பாங்க, கார் நிறுத்த இடம் இருக்கான்னு பார்ப்பாங்க. ஆனால் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவாக நிற்கும் நடுச்சுவரை யாரும் கவனிப்பதில்லை. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால், உங்க குடும்பம் வெளியேற நேரம் வாங்கித் தருவது அந்த சுவர்தான்.

விதி என்ன?

தேசிய கட்டிட விதித்தொகுப்பு 2016-ன் 4-வது பகுதி தீ பாதுகாப்பு பற்றியது. வீடுகளைப் பிரிக்கும் சுவர் பாரம் தாங்கும் சுவராக இருந்தால், கட்டிட வகையைப் பொறுத்து 60 முதல் 120 நிமிடம் வரை தீயைத் தாங்க வேண்டும். பாரம் தாங்காத சுவர் என்றால் 30 முதல் 60 நிமிடம்.

தாங்குவது என்றால் சுவர் இடியாமல் நின்றால் மட்டும் போதாது. தீ ஊடுருவக் கூடாது. மறுபக்கம் உள்ள பொருள் பற்றும் அளவுக்கு சுவர் சூடாகவும் கூடாது.

ஒழுங்காகக் கட்டிய ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் 120 நிமிடத்தை தாராளமாகத் தாங்கும். அப்புறம் எங்கே கோட்டை விடுறோம்?

மேலே இடைவெளி

பழைய லைன் வீடுகளிலும், ஷீட் போட்ட மாடிகளிலும் நடுச்சுவர் பாதியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. தீயும் புகையும் அந்த வழியாகத்தான் தாவும். ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது.

சுவரில் ஓட்டை

நாலரை இஞ்ச் சுவரில் இரண்டு வீட்டுக்காரரும் ஒரே இடத்தில் சுவிட்ச் பாக்ஸுக்கு கொத்தினால், நடுவில் மிஞ்சுவது கொஞ்சம் செங்கல்தான். குழாய் போன ஓட்டையில் பேப்பர், தெர்மோகோல் அடைத்து மேலே பூசிவிடுவதும் நடக்கிறது. இரண்டுமே சீக்கிரம் எரியும்.

என்ன செய்யலாம்?

* சுவர் அஸ்திவாரத்தில் இருந்து தளம் அல்லது கூரையின் அடி வரை இடைவெளி இல்லாமல் போகுதான்னு பூச்சு வேலைக்கு முன்பே பாருங்க.

* சுவிட்ச் பாக்ஸ்களை எதிரெதிரே வைக்காமல் தள்ளி வைக்கச் சொல்லுங்க.

* குழாய் ஓட்டைகளை சிமெண்ட் கலவையால் முழுசா அடைக்கச் சொல்லுங்க.

* பழைய வீட்டில் சுவரை உயர்த்த, முதலில் இன்ஜினீயரிடம் கேளுங்க. பொதுச்சுவர் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். இது அவருக்கும் பாதுகாப்புதான்.

பக்கத்து வீட்டில் புகை தெரிந்தால், சுவர் இருக்கேன்னு உள்ளே உட்கார்ந்திருக்காதீங்க. எல்லோரும் உடனே வெளியே வாங்க. 101 அல்லது 112-க்கு போன் போடுங்க.