பழைய வீட்டின் குளிர்: எங்கே கசிகிறது, எதை முதலில் அடைப்பது?

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் எம்மவர் பலர் முதன்முதலாக வாங்கிய வீடு புதுவீடு அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களிலும் 60களிலும், ஸ்காபரோவில் வரிசை வரிசையாக எழுந்த செங்கல் பங்களாக்களில் ஒன்றாகவே அது பெரும்பாலும் இருக்கும். இன்னும் சிலருக்கு நகரின் உட்பகுதியில் போருக்கு முந்திய இரட்டைச் செங்கல் வீடு. எரிபொருள் மலிவாக இருந்த காலத்தில் கட்டப்பட்டவை இவை. குளிரைச் சுவரால் தடுப்பதைவிட, ஃபேர்னஸைக் கூட ஓடவிடுவது அன்று இலகுவாக இருந்தது. இன்று அந்தக் கணக்கு எங்கள் காஸ் பில்லில் வந்து நிற்கிறது.

ஊரில் வீடு கட்டும்போது காற்று வந்து போகவேண்டும் என்பதுதான் எங்கள் முதல் கவலை. ஓட்டு இடுக்கும், யன்னலுக்கு மேலே விட்ட துவாரமும் வீட்டைக் குளிர்மையாக வைத்திருந்தன. பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை வரை இறங்கக்கூடிய இரவுகளில் அதே இடுக்கு எங்களுக்கு எதிரி. ஆனால் வீட்டை வெறுமனே இறுக்கி மூடிவிட்டாலும் ஈரமும் நச்சுவாயுவும் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே எதை, எந்த ஒழுங்கில் செய்வது என்பதை வீடு வைத்திருப்பவரும் வாடகைக்கு இருப்பவரும் அறிந்திருப்பது நல்லது.

வெப்பம் போகும் இரண்டு வழிகள்

வெப்பம் வீட்டை விட்டு இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று, சுவர், கூரை, கண்ணாடி ஆகியவற்றின் ஊடாக மெல்லக் கடத்தப்படுவது. இதைத் தடுப்பது இன்சுலேஷன். மற்றையது, இடுக்குகளால் சூடான காற்றே வெளியேறுவது. இதைத் தடுப்பது காற்றடைப்பு. கம்பளிச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு காற்றடிக்கும் பஸ் தரிப்பில் நின்றவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். கம்பளி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், மேலே காற்றுப் புகாத ஜக்கற் இல்லாவிட்டால் குளிர் உள்ளே வந்துவிடும். பஞ்சு போன்ற இன்சுலேஷனும் அப்படித்தான். காற்று ஊடறுத்துப் போனால் அதன் பயன் குறைந்துவிடும்.

சூடான காற்று மேலெழும்பும். குளிர்காலத்தில் முழு வீடும் ஒரு புகைபோக்கி போல இயங்குகிறது. மேற்கூரை இடுக்குகளால் சூடு வெளியேற, அந்த இடத்தை நிரப்ப நிலவறையின் ஓரங்களால் குளிர்காற்று உறிஞ்சப்படுகிறது. கீழே கால் விறைக்கிறது என்றால், அதற்கான ஓட்டை மேலே அற்றிக்கில் இருக்கலாம். அதனால்தான் அடைக்கும் வேலையை உச்சியிலும் அடியிலும் தொடங்கவேண்டும், நடுவிலுள்ள யன்னலில் அல்ல.

ஊதுபத்தியும் விசிறிக் கதவும்

கசிவைக் கண்டுபிடிக்க எங்கள் சாமியறையில் இருக்கும் பொருளே போதும். காற்றடிக்கும் ஒரு குளிர்நாளில் கதவு யன்னல்களை மூடி, குளியலறை, சமையலறை வெளியேற்று விசிறிகளை ஓடவிடுங்கள். பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, வெளிச்சுவரில் உள்ள மின் பிளக்குகள், சுவரும் நிலமும் சேரும் இடம், யன்னல் சட்டம், தபால் துவாரம் ஆகியவற்றின் அருகே பிடித்துப் பாருங்கள். திரைச்சீலைக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். புகை வளையும் இடம்தான் கசியும் இடம். பழைய ரொறன்ரோ வீடுகள் சிலவற்றில், பால்காரர் போத்தல் வைப்பதற்காகச் சுவரில் விட்ட சிறு கதவு இன்னும் இருக்கிறது. அதையும் மறவாதீர்கள்.

சரியான அளவு வேண்டுமானால் பதிவுபெற்ற எரிசக்தி ஆலோசகர் ஒருவரை அழைக்கவேண்டும். அவர் வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்குவார். ஒரு மணித்தியாலத்தில் வீட்டின் காற்று முழுவதும் எத்தனை தடவை மாறுகிறது என்பதே முடிவாக வரும் எண். கனடாவின் ஆர்-2000 தரத்தில் கட்டிய வீட்டில் அது 1.5க்கு மேல் போகக்கூடாது. பழைய வீடுகளில் அதைப்போல் பல மடங்கு வருவது வழமை.

முதலில் அற்றிக்

இன்சுலேஷனின் பலத்தை ஆர்-மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூட வெப்பம் போவது குறையும். ஊதி நிரப்பும் செலுலோஸ் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.5 தரும். பழைய பங்களாவின் அற்றிக்கில் மூன்று அங்குலம்தான் இருக்கிறது என்றால் அது ஆர்-10 அளவு. இப்போது ஒன்ராறியோவில் பொதுவாக இலக்காக வைக்கப்படும் ஆர்-60க்கு 17 அங்குலம் வரை வேண்டும். ஆர்-10ஐ ஆர்-60 ஆக்கினால் மேற்கூரையின் ஊடாகக் கடத்தப்படும் வெப்பம் ஆறில் ஒன்றாகக் குறையும். ஆனால் ஏற்கனவே ஆர்-40 உள்ளவர் ஆர்-60க்குப் போனால் மிச்சம் சிறிதுதான். ஆகவே காசு கட்டமுன் ஒரு அடிமட்டத்தைக் கொண்டுபோய் உள்ளதை அளந்து பாருங்கள்.

இன்சுலேஷன் ஊதுவதற்கு முன்னர் துவாரங்களை அடைத்தாகவேண்டும். மேலே 17 அங்குலம் கொட்டிய பிறகு கீழே ஓட்டையைத் தேட முடியாது. குழாய்கள், வயர்கள் மேலேறும் இடங்கள், உட்சுவர்களின் தலைப்பகுதி, அற்றிக் மூடியின் விளிம்பு ஆகியவை முக்கியமானவை. புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு நுரை பயன்படுத்தக்கூடாது. தகரத் தகடும் தீயைத் தாங்கும் பசையும்தான் பாதுகாப்பு. எம்மவர் வீடுகளில் திருத்தவேலை என்றதும் வரவேற்பறைக் கூரையில் பதிக்கப்படும் பொட் லைற்றுகள் ஒவ்வொன்றும் ஒரு துவாரம். இன்சுலேஷன் தொடலாம் என்று சான்றுள்ள, காற்றுப் புகாத வகையா அவை என்பதைக் கேட்டறியுங்கள்.

இன்னொன்று. அற்றிக் குளிராகத்தான் இருக்கவேண்டும். கூரையின் கீழ்விளிம்பில் உள்ள காற்றுத் துவாரங்களைக் குளிர் வருகிறதென்று அடைக்கக்கூடாது. அவை ஈரத்தை வெளியேற்றுகின்றன. இன்சுலேஷன் அவற்றை மூடாதபடி தடுப்புத் தட்டுகள் வைக்கவேண்டும். வீட்டுச் சூடு அற்றிக்குள் கசிந்தால் கூரைப் பனி உருகி, விளிம்பில் மீண்டும் உறைந்து அணைபோல் நிற்கும். அதன் பின்னால் தேங்கும் நீர்தான் மார்கழி, தை மாதங்களில் உட்கூரையில் கறையாகத் தெரிகிறது. கூரை ஓட்டை என்று நினைத்து மேலே செலவழிப்பவர்கள் பலர். காரணம் உள்ளே இருக்கலாம்.

அடுத்தது நிலவறை

பேஸ்மென்ற் என்று நாம் சொல்லும் நிலவறையில்தான் எங்கள் ஆட்கள் பலர் முதற் குளிர்காலத்தைக் கழித்தார்கள். இன்றும் புதிதாய் வரும் மாணவர்களும், சில வீடுகளில் அப்பா அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். கொங்கிறீற் சுவர் குளிரைத் தடுக்காது. அத்திவாரச் சுவரின் மேல் மரச்சட்டம் வந்து அமரும் விளிம்பைச் சுற்றித்தான் அதிகம் கசியும். அந்தப் பெட்டி போன்ற இடங்களில் கெட்டியான நுரைப்பலகையை அளவாக வெட்டி வைத்து ஓரங்களைப் பசையால் அடைக்கலாம், அல்லது தெளிக்கும் நுரையால் மூடலாம். வெறும் பஞ்சைத் திணித்தால் ஈரக்காற்று ஊடறுத்துப்போய் மரத்தில் படிந்து உக்கச் செய்யும். வெளியே தெரியும் நுரையைத் தீப் பாதுகாப்புக்காக எதனால் மூடவேண்டும் என்பதையும் கேட்டறியுங்கள்.

சுவரில் நீர் ஊறுகிறதென்றால் அதை மறைத்து இன்சுலேஷன் செய்யாதீர்கள். முதலில் பீலியைத் துப்புரவாக்கி, நிலத்தின் சரிவை வீட்டை விட்டு வெளிநோக்கி அமைத்து, வெடிப்பைத் திருத்துங்கள். ஈரச் சுவரின் மேல் பலகை அடித்தால் பின்னால் பூஞ்சணம் வளரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது நல்லதல்ல. வாடகைக்கு விடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். ரொறன்ரோ நகரின் விதிப்படி, குளிர்காலத்தில் வாடகைக் குடியிருப்பில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் சூடு இருக்கவேண்டும். கசியும் நிலவறையில் அதை எட்ட மேல்மாடி வெந்துபோகும்.

சுவரில் அவசரம் வேண்டாம்

போருக்கு முந்திய இரட்டைச் செங்கல் சுவர், உள்ளிருந்து வரும் சூட்டால்தான் ஓரளவு உலர்ந்து இருக்கிறது. உட்பக்கம் தடிப்பாக இன்சுலேஷன் செய்தால் செங்கல் குளிர்ந்து, ஈரம் தங்கி, உறைந்து உருகி உதிரக்கூடும். சுவருக்குள் செருகிய மரங்களின் நுனியும் உக்கலாம். அனுபவமுள்ளவரிடம் காட்டாமல் இதைத் தொடவேண்டாம். மரச்சட்டச் சுவரானால் வழக்கமான விதி இதுதான்: நீராவியைத் தடுக்கும் பொலித்தீன் சூடான பக்கத்தில், அதாவது வீட்டின் உட்புறத்தில் இருக்கவேண்டும்.

புது யன்னல் அழகுதான், ஆனால் செலவு மிக அதிகம். போட்ட காசைச் சூட்டு மிச்சத்தால் மட்டும் மீட்க நீண்ட காலம் எடுக்கும். யன்னல் உக்கிப்போகவில்லை என்றால், விளிம்புப் பட்டியை மாற்றி, குளிர்காலத்துக்கு உட்பக்கம் மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒட்டுவது சில பத்து டொலர்களில் முடியும். வாடகை வீட்டில் இருப்பவரும் செய்யக்கூடியது இது.

அடைத்த வீடு மூச்சுவிட வேண்டும்

புட்டு, இடியப்பம் அவிப்பதும், கறி கொதிப்பதும், உடுப்பை உள்ளே காயவிடுவதும் காற்றில் நிறைய ஈரத்தைச் சேர்க்கின்றன. பழைய வீட்டில் அந்த ஈரம் ஓட்டைகளால் போய்விட்டது. அடைத்த பிறகு அது யன்னலில் வியர்க்கும், அலுமாரிக்குப் பின்னால் கறுக்கும். ஒரு சிறு ஈரமானி வாங்கி வையுங்கள். கடும் குளிரில் உள்ளீரம் 30 வீதம் அளவில் இருப்பது நல்லது. சமையல் விசிறி புகையை உண்மையிலேயே வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். குளியலறை விசிறியின் குழாய் அற்றிக்குள் முடியக்கூடாது. கூரைக்கோ சுவருக்கோ வெளியே போகவேண்டும்.

இதற்கு நல்ல விடை கனடாவிலேயே பிறந்தது. 1977இல் சஸ்கச்சுவான் மாகாணத்தின் ரெஜைனாவில் ஒரு பரிசோதனை வீடு கட்டினார்கள். தடித்த இன்சுலேஷன், இறுக்கமான காற்றடைப்பு, வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் ஒரு கருவி ஆகியவை அதில் இருந்தன. வழக்கமான ஃபேர்னஸ் அங்கே இல்லை. எச்.ஆர்.வி. என்று இன்று விற்கப்படும் கருவி அந்த வழியில் வந்ததே. வீட்டை நன்றாக அடைப்பவர் அதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும்.

உயிரோடு விளையாடாத விடயங்கள்

அற்றிக்கில் பளபளக்கும் சாம்பல் அல்லது மண்ணிறச் சிறு கற்கள் போலக் கிடந்தால் கையால் கிளறவேண்டாம். அது வேர்மிகுலைற்றாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற இடத்தில், 1990 வரை இயங்கிய சுரங்கத்திலிருந்து வந்த வகையில் அஸ்பெஸ்ரோஸ் கலந்திருக்கலாம். பிள்ளைகளை மேலே ஏறவிடாமல், முதலில் பரிசோதனைக்கு ஒழுங்குசெய்யுங்கள்.

மிகப் பழைய வீடுகளில் பீங்கான் குமிழ்களில் ஓடும் மின்வயர்கள் இருக்கலாம். அவற்றின் மேல் இன்சுலேஷன் போட்டால் சூடு தங்கித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. காப்புறுதியும் சிக்கலாகும். அனுமதிபெற்ற மின்தொழிலாளர் பார்த்த பின்னரே மேலே போகலாம்.

புகைபோக்கியால் இயல்பாகப் புகை போகும் பழைய காஸ் ஃபேர்னஸும் தண்ணீர்ச் சூடாக்கியும் இன்னும் அவதானத்துக்குரியவை. இறுக்கி அடைத்த வீட்டில் பெரிய சமையல் விசிறி ஓடும்போது, வெளியே போகவேண்டிய புகை உள்ளே திரும்பலாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காஸ் கருவி உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே அதற்கான எச்சரிக்கை மணி இருப்பது ஒன்ராறியோவில் சட்டம். ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருக்கவேண்டும். அடைப்பு வேலை முடிந்ததும் புகை சரியாக வெளியேறுகிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

காசும் கையெழுத்தும்

அரச உதவித் திட்டங்கள் வருகின்றன, முடிகின்றன. 2021இல் தொடங்கிய மத்திய அரசின் 5,000 டொலர் வரையான மானியம் 2024இல் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. இவற்றில் பெரும்பாலும் பொதுவான நிபந்தனை, வேலை தொடங்கமுன் எரிசக்தி மதிப்பீடு நடந்திருக்கவேண்டும் என்பதே. வேலையை முடித்துவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காமல் போகலாம். ரொறன்ரோ நகரசபை, சொத்துவரிப் பில்லோடு சேர்த்துக் கட்டக்கூடிய கடன் திட்டம் ஒன்றையும் நடத்திவந்திருக்கிறது. நடப்பில் உள்ளதை அரச தளத்திலேயே பாருங்கள், வாசலில் நிற்பவரின் பேச்சில் அல்ல.

வாசலுக்கு வருபவர்களால் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர், பகலில் வீட்டில் தனியே இருக்கும் எங்கள் முதியவர்கள். ஃபேர்னஸ், குளிரூட்டி, தண்ணீர்ச் சூடாக்கி போன்றவற்றை அழைப்பில்லாமல் வீடு தேடி வந்து ஒப்பந்தம் செய்வதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்துள்ளது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே பொதுவாக இரத்துச் செய்யலாம். வாடகைக் கருவியின் பெயரில் வீட்டுறுதியில் பதியப்பட்டுவந்த உரிமைக்கோரல்களையும் மாகாணம் 2024இல் தடைசெய்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் ஒரு வரி எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்: "பிள்ளையைக் கேட்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன்."

வேலைக்கு மூன்று பேரிடமாவது எழுத்தில் விலை கேளுங்கள். எத்தனை அங்குலம், எந்தப் பொருள், துவாரம் அடைப்பது சேர்ந்ததா, துவாரத் தட்டுகள் சேர்ந்தவையா என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அடைக்கும் பசைகள் பல கடும் குளிரில் ஒட்டாது. ஆகவே வெளிவேலைக்கு ஏற்ற காலம் புரட்டாதி, ஐப்பசி. ஃபேர்னஸை மாற்றும் எண்ணமோ, வெப்பப் பம்பி போடும் எண்ணமோ இருந்தால், முதலில் வீட்டை அடையுங்கள். அடைத்த வீட்டுக்குச் சிறிய கருவியே போதும். முதற் கிழமையில் செய்யக்கூடியது சிறியதுதான்: ஒரு ஊதுபத்தி, ஒரு அடிமட்டம், படுக்கையறைக்கு அருகே ஒரு எச்சரிக்கை மணி.