அச்சம் சொல்லும் வரலாறு

சென்ற திங்களில் ஒரு மாலைப் பொழுது, என்னிடம் வரலாறு பயிலும் மாணவர் நால்வர் என் வீட்டிற்கு வந்தனர். கல்லூரி மன்றத்தில் மூன்று நாள் பழைய படங்களைத் திரையிடப் போவதாகவும், நானும் வந்திருந்து ஒவ்வொரு படத்திற்குப் பின்னும் தம்மோடு உரையாட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். எவ்வகைப் படங்கள் என்று வினவினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு ஒரு மாணவி, "எல்லாம் அச்சம் தரும் படங்கள், ஐயா" என்று மெல்லக் கூறினாள். வரலாற்று ஆசிரியரிடம் பேய்ப் படம் பற்றிப் பேசுவது பிழை என்று அவர்கள் எண்ணினர் போலும்! நான் மகிழ்ச்சியோடு இசைந்தேன். அந்த மூன்று மாலைகளில் கண்டவற்றையும், மாணவரோடு பேசித் தெளிந்தவற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அச்சம் இழிந்த சுவை அன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அதனையும் ஒன்றாக வைத்தார். அது எவற்றால் பிறக்கும் என்றும் வகுத்தார். மனிதரை வருத்தும் தெய்வமும் பேயும் போன்ற ஆற்றல்கள், கொடிய விலங்குகள், கள்வர், தமக்குத் தலைவராய் உள்ளோர் என்னும் நான்கும் அச்சத்தின் பிறப்பிடங்கள் என்பது அவர் கருத்து. இந்த நான்கையும் மனத்தில் இருத்திக்கொண்டே நான் படங்களைப் பார்த்தேன்.

முதல் நாள் கண்டது 'டாக்டர் காலிகாரியின் பெட்டி' என்னும் ஜெர்மானியப் பேசாப் படம். ராபர்ட் வீனே இயக்கிய இப்படம் 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பெர்லின் நகரில் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்று, அதன் பேரரசர் நாட்டைவிட்டு ஓடி, பதினைந்து திங்கள்களே கழிந்திருந்தன. கதை இதுதான்: ஓர் ஊரின் திருவிழாச் சந்தையில் காலிகாரி என்னும் கிழவன் கூடாரம் அடிக்கிறான். பெட்டிக்குள் உறங்கும் சேசரே என்னும் இளைஞனைக் காட்டிக் காசு பெறுகிறான். சேசரே துயிலில் நடப்பவன். இரவில் தலைவன் ஏவ, எழுந்து சென்று மனிதரைக் கொல்கிறான். கொல்லும் கை அவனுடையது. கொல்லும் எண்ணமோ அவனுடையது அன்று. திரையில் வீடுகள் கோணலாகச் சாய்ந்து நிற்கின்றன. தெருக்கள் வளைந்து நெளிகின்றன. நிழல்கள் பலவும் விளக்கொளியால் விழுந்தவை அல்ல. தூரிகை கொண்டு தீட்டியவை. நிலைகுலைந்துபோன ஒரு நாட்டின் மனத்தையே படம் பிடித்து வைத்தாற்போல் எனக்குத் தோன்றியது.

இதன் கதையை எழுதியவர் ஹான்ஸ் யானோவிட்ஸ், கார்ல் மையர் என்னும் இருவர். அவருள் யானோவிட்ஸ் போரில் படைத்தலைவராகப் பணியாற்றியவர். இளைஞரை ஏவிக் கொலை செய்வித்த ஆட்சியையே தாம் காலிகாரியாகப் படைத்ததாக அவர் பிற்காலத்தில் கூறினார். ஆனால், படத்தின் இறுதியில் ஒரு திருப்பம் வருகிறது. கதையைக் கூறிவந்த இளைஞனே பைத்தியக்கார மருத்துவமனையில் உள்ள ஒரு நோயாளி என்றும், காலிகாரி அம்மருத்துவமனையின் நல்ல தலைவர் என்றும் முடிகிறது. தலைவனைக் குறை கூறியவன் பித்தன், தலைவனோ குற்றமற்றவன்! 1947ஆம் ஆண்டில் சீக்பிரீட் கிராகௌவர் என்னும் அறிஞர் இதனை எடுத்துக்காட்டி, காலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை நீளும் ஒரு மனப்போக்கினை ஜெர்மானியப் படங்களில் காணலாம் என்று ஒரு நூலே எழுதினார். படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள சட்டக் கதை, எழுத்தாளரின் விருப்பத்திற்கு மாறாகச் சேர்க்கப்பட்டது என்பது அவர் கொண்ட செய்தி.

இங்கே வரலாறு பயில்வோர் ஒன்றைக் கருத வேண்டும். காலிகாரியாக நடித்த வெர்னர் கிராவுஸ் தம்மிடம் வைத்திருந்த மூலக் கதைப்படி 1995ஆம் ஆண்டில் முழுமையாக அச்சேறியது. அதிலும் ஒரு சட்டக் கதை இருந்தது! இனிதாக வாழும் ஒருவன் பழைய நிகழ்ச்சியைத் தன் நண்பர்க்குக் கூறுவதாக அது தொடங்குகிறது. பித்தன் என்னும் முடிவுதான் பின்னர்ப் புகுந்தது. ஆகவே கிராகௌவர் கூறியதில் ஒரு பாதி நிற்கிறது. மற்றொரு பாதி விழுகிறது. புகழ்பெற்ற நூலாயினும், புதிய சான்று கிடைக்கும்போது திருத்திக்கொள்வதே வரலாற்று நெறி.

படத்தைவிடப் பெரிய கதை, நடித்தவர்களின் வாழ்க்கையில் இருந்தது. ஏவலுக்குக் கொல்லும் சேசரேயாக நடித்தவர் கான்ராட் பைட். அவர் மனைவி யூதப் பெண். 1933ஆம் ஆண்டில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது, அவர் மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஏவும் காலிகாரியாக நடித்த கிராவுஸோ அங்கேயே தங்கினார். யூதர்மீது வெறுப்பை மூட்டுவதற்காக நாஜி அரசு 1940ஆம் ஆண்டில் எடுப்பித்த 'யூதன் சூஸ்' என்னும் படத்தில் பல வேடங்கள் பூண்டார். திரையில் ஏவலுக்கு அடிமையாய் இருந்தவர் வாழ்வில் அதனை மறுத்தார். திரையில் ஏவியவரோ வாழ்வில் ஏவலுக்குப் பணிந்தார். இதனை நான் கூறியபோது மன்றத்தில் ஓர் அமைதி நிலவியது.

இரண்டாம் நாள் கண்டது 'நோஸ்பெராட்டு'. முர்னாவ் இயக்கிய இப்படம் 1922ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1897ஆம் ஆண்டில் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' என்னும் புதினத்தைப் பெயர்களை மாற்றி, உரிமை பெறாமல் எடுத்துக்கொண்ட கதை. ஸ்டோக்கரின் மனைவியார் வழக்குத் தொடுத்தார். 1925ஆம் ஆண்டில் ஜெர்மானிய நீதிமன்றம் படத்தின் படிகளை எல்லாம் அழித்துவிடுமாறு தீர்ப்பளித்தது. எங்கெங்கோ தப்பிய சில படிகளால்தான் இன்று இதனைக் காண இயல்கிறது. இரத்தம் குடிக்கும் பிரபுவாக நடித்தவரின் இயற்பெயர் மாக்ஸ் ஷ்ரெக். ஜெர்மானிய மொழியில் 'ஷ்ரெக்' என்ற சொல்லுக்கே திகில் என்பது பொருள்!

அப்பிரபு கிழக்கே உள்ள மலைநாட்டிலிருந்து கப்பலில் வருகிறான். கப்பலில் உள்ளோர் ஒருவர்பின் ஒருவராக மாய்கின்றனர். கரை சேர்ந்ததும் எலிகள் வெளிவருகின்றன. கொள்ளைநோய் ஊரெங்கும் பரவுகிறது. தெருவில் சவப்பெட்டிகள் வரிசையாகச் செல்கின்றன. அன்று இதனைப் பார்த்தவர்க்கு இது வெறுங்கதையாக இருந்திருக்க முடியாது. 1918 முதல் 1920 வரை உலகைச் சூறையாடிய இன்புளூயன்சாக் காய்ச்சலில் பல கோடி மக்கள் மாண்டனர். நம் நாட்டிலும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதற்கு இரையாயினர். அந்தச் சாவின் நினைவு ஆறுமுன்னரே இப்படம் வெளிவந்தது.

படம் முடிந்ததும் மாணவரிடையே வழக்கு எழுந்தது. "வெளியூரான் வருகிறான், எலியும் நோயும் உடன் வருகின்றன. அந்நியனை அஞ்சு என்பதுதானே இதன் பாடம்? இது தீய படம், ஐயா" என்றான் ஒருவன். அவன் கூற்றை எளிதில் தள்ள இயலாது. 1940ஆம் ஆண்டில் நாஜிகள் எடுத்த 'என்றுமுள்ள யூதன்' என்னும் பிரசாரப் படம், திரளாக ஓடும் எலிகளைக் காட்டி, யூதர் உலகெங்கும் பரவியதும் இத்தகையதே என்று கூறியது. கதையில் வந்த எலி, பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் கொலைக்கு முன்னோட்டமாக ஆயிற்று.

ஆனால், முதல் நாள் என் வீட்டில் மெல்லப் பேசிய அந்த மாணவி எழுந்து வேறொன்றைச் சுட்டினாள். "ஊர் மக்கள் அச்சத்தால் அறிவிழந்து, நாக் என்னும் பித்தனை இரத்தக் காட்டேரி என்று எண்ணித் துரத்துகிறார்களே! கல்லெறிகிறார்களே! உண்மையான பகைவன் வேறிடத்தில் இருக்கிறான். அஞ்சிய கூட்டம் பழிபோட ஓர் ஆளைத் தேடும் என்பதையும் இப்படமே காட்டவில்லையா?" என்று கேட்டாள். நான் அக்காட்சியைப் பலமுறை பார்த்தும் இப்படிக் கருதியதில்லை. அவளுக்கு நான் கூறிய விடை ஒரு செய்திதான். துரத்தப்படும் நாக்காக நடித்த அலெக்சாண்டர் கிரானாக் ஒரு யூதர்; படத்தின் கதையைத் திரைக்கு வகுத்த ஹென்ரிக் காலீனும் யூதர். 1933க்குப் பின் இருவரும் ஜெர்மனியில் வாழ இயலாது வெளியேறினர். திரையில் ஓடியவர் உண்மையிலும் ஓட நேர்ந்தது. படத்தை எடுத்தவர் நெஞ்சில் வெறுப்பு இருந்தது என்று நான் துணிய மாட்டேன். ஆயினும், அச்சத்தின் உருவம் ஒருமுறை படைக்கப்பட்டுவிட்டால், அதனை எவர் எடுத்து எவர்மீது எறிவார் என்பதைப் படைத்தவர் அறியார்.

மூன்றாம் நாள் நாங்கள் கண்டது ஜப்பானியப் படமான 'கோஜிரா'. உலகம் இதனைக் 'காட்ஸில்லா' என்று அறியும். ரப்பர் உடைக்குள் ஒருவர் நின்று பொம்மை நகரத்தை மிதிக்கும் படம் என்று பலர் நகைப்பர். நகைப்பதற்குமுன் அவர்கள் 1954ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மார்ச் முதல் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமாக் குண்டினைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் பொழிந்தது. அதில் 23 பேர் இருந்தனர். அனைவரும் நோயுற்றனர். படகின் வானொலிச் செய்தியாளர் குபோயாமா செப்டம்பர் 23ஆம் நாள் உயிர் நீத்தார். அதிலிருந்து 41ஆம் நாள், அதாவது நவம்பர் 3ஆம் நாள், 'கோஜிரா' திரைக்கு வந்தது. படத்தின் தொடக்கமே, கடலில் திடீரென ஒளி தோன்ற, ஒரு படகு தீப்பற்றி மூழ்குவதுதான். அதனைக் கண்ட ஜப்பானியர் எதனை நினைத்திருப்பர் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

இயக்குநர் ஹோண்டா இஷிரோ போர்வீரராக இருந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் அழிந்துகிடந்த ஹிரோஷிமாவைக் கண்டவர். வானொலி கேட்கும் உங்களுக்கு ஒரு சுவையான செய்தி: அவ்விலங்கின் முழக்கம் எவ்விலங்கின் குரலும் அன்று. இசையமைப்பாளர் இபுகுபே, பெரிய தந்தி இசைக்கருவி ஒன்றின் தளர்த்திய தந்தியைத் தோல் கையுறையால் உராய்ந்து அவ்வொலியை எழுப்பினார். ஆனால், என் செவியில் இன்னும் நிற்பது அம்முழக்கம் அன்று; அழிவுக்குப் பின்னே பள்ளிச் சிறுமியர் கூடிப் பாடும் அமைதி வேண்டலே. மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கக் கருவியை வைக்கின்றனர். அது ஓயாது ஒலிக்கிறது. அப்போது எவரும் நகைக்கவில்லை.

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்டபோது, நாகசாகியைப் பற்றிய பேச்சும் அணுகுண்டைப் பற்றிய கருத்துகளும் பெரும்பாலும் வெட்டப்பட்டன. ஓர் அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரம் ஒட்டப்பட்டது. எஞ்சியது விலங்கு மட்டுமே. மூலப்படம் அந்நாட்டுத் திரையரங்குகளில் பரவலாகக் காட்டப்பெற்றது 2004ஆம் ஆண்டில்தான். அச்சத்தை வைத்துக்கொண்டு அதன் காரணத்தை நீக்கிவிட்டால், வரலாறு வேடிக்கை ஆகிவிடும்.

இப்படத்தின் உயிர்நிலை செரிசாவா என்னும் அறிவியலறிஞர். விலங்கைக் கொல்லும் கருவி அவரிடம் உண்டு. ஆனால், அது ஆள்வோர் கையில் சிக்கினால் மற்றோர் அணுகுண்டாகும் என்று அவர் அஞ்சுகிறார். இறுதியில் குறிப்புகளை எல்லாம் எரித்து, கருவியை ஒருமுறை மட்டும் பயன்படுத்தி, அந்த அறிவு வெளிப்படாதிருக்கத் தாமும் கடலில் மாய்கிறார்.

நேயர்களே, தொல்காப்பியர் கூறிய நான்கிற்கு இப்போது வருகிறேன். காலிகாரி, தலைவரால் பிறந்த அச்சம். நோஸ்பெராட்டு, வருத்தும் ஆற்றலால் பிறந்த அச்சம். கோஜிரா, விலங்கினால் பிறந்தது. ஆனால், செரிசாவாவின் அச்சம் எதனால் பிறந்தது? அந்நான்கும் நமக்குப் புறத்தே உள்ளவை. அவர் அஞ்சியதோ தம் அறிவை, தம் கை செய்த செயலை. இருபதாம் நூற்றாண்டு அச்சத்திற்குச் சேர்த்த ஐந்தாம் பிறப்பிடம் இது என்பேன்.

இவ்வச்சம் வீணானது அன்று. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் நேரு நம் மக்களவையில், அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்திவைக்குமாறு உலக நாடுகளை வேண்டினார். ஜப்பானில் ஹைட்ரஜன் குண்டுக்கு எதிரான வேண்டுகோளில் 1955ஆம் ஆண்டிற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பிறனை அஞ்சிய கூட்டம் கல்லெடுத்தது. தம் காலத்தின் செயலை அஞ்சிய மக்கள் எழுதுகோல் எடுத்தனர். இரண்டும் அச்சமே, விளைவோ எத்துணை வேறு!

ஆகவே, அச்சம் தரும் படம் பார்க்காதீர் என்று நான் மாணவர்க்குக் கூற மாட்டேன். பாருங்கள், நன்றாக அஞ்சுங்கள். விளக்கு எரிந்தபின் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இப்படம் எந்த ஆண்டில் பிறந்தது? யாரை அஞ்சுமாறு என்னிடம் கூறுகிறது? அவ்வச்சம் என் கையில் கல்லைத் தருகிறதா, எழுதுகோலைத் தருகிறதா?

மூன்றாம் நாள் இரவு மன்றத்தை விட்டு வெளியே வந்தபோது, நோஸ்பெராட்டுவைத் தீய படம் என்ற மாணவன் என்னுடன் நடந்து வந்தான். "இன்று உறக்கம் வராது, ஐயா" என்றான். "விலங்கை நினைத்தா?" என்று கேட்டேன். "இல்லை, ஐயா. நேற்று அந்தப் பித்தனைத் துரத்தும்போது நானும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்து" என்றான்.