காமாகுரா

காமாகுரா ஜப்பானின் கனகாவா மாகாணத்தில், சகாமி வளைகுடாவின் கரையில் அமைந்துள்ள ஒரு பழம்பெரும் நகரமாகும். இது டோக்கியோவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தொடருந்தில் ஒரு மணி நேரத்தில் அடையலாம் என்பதால், பலர் காலையில் வந்து மாலையில் திரும்புகின்றனர்.

அமைவிடமும் வரலாறும்

நகரின் மூன்று பக்கங்களில் குன்றுகளும் தெற்கில் கடலும் உள்ளன. இவ்வியற்கை அரண் காரணமாக, மினமோட்டோ நோ யொரிட்டோமோ 1180இல் இவ்விடத்தைத் தமது தலைமையிடமாகக் கொண்டார். 1192இல் அவர் 'சோகன்' எனப்படும் படைத்தலைவர் பட்டம் பெற்றார். பேரரசர் கியோத்தோவில் இருந்தபோதும், ஆட்சியதிகாரம் காமாகுராவின் போர்வீரர்களிடம் இருந்தது. குன்றுகளை வெட்டி அமைக்கப்பட்ட ஒடுங்கிய கணவாய்களே நிலவழி வாயில்களாக விளங்கின. இவை 'கிரிதோஷி' எனப்படுகின்றன.

1333இல் நித்தா யொஷிசதாவின் படைகளால் இக்கணவாய்களைக் கடக்க இயலவில்லை. கடல் வற்றிய வேளையில் இனமுராகசாக்கி முனையைச் சுற்றி அவை நகருக்குள் புகுந்தன. யொரிட்டோமோவின் மரபுக்குப் பின் ஆட்சியை நடத்திய ஹோஜோ குலம் அத்துடன் வீழ்ந்தது.

பெரிய புத்தர்

கோத்தொகு-இன் கோயிலிலுள்ள வெண்கல அமிதாப புத்தர் சிலையை வார்க்கும் பணி 1252இல் தொடங்கியது. பீடம் நீங்கலாக இதன் உயரம் ஏறத்தாழ 11.3 மீட்டர், எடை ஏறத்தாழ 121 தொன். சிலை உள்ளீடற்றது. தொடக்கத்தில் இதனைச் சுற்றி ஒரு மண்டபம் இருந்தது. அது 14ஆம் நூற்றாண்டில் புயல்களால் சேதமுற்று, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தாலும் ஆழிப்பேரலையாலும் அழிந்ததாகக் கருதப்படுகிறது. அன்றுமுதல் சிலை திறந்த வெளியில் உள்ளது. 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் பீடம் சேதமுற்றது. 1960-61இல் கழுத்துப் பகுதி வலுப்படுத்தப்பட்டு, நில அதிர்வின்போது சிலை பீடத்தின் மீது நகர்ந்து கொடுக்கும் வகையில் அடிப்பகுதி மாற்றியமைக்கப்பட்டது.

இக்கோயில் வளாகத்தில் இலங்கையின் முன்னாள் சனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனாவின் நினைவுச் சின்னமும் உண்டு. 1951இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில், ஜப்பானிடம் போர் இழப்பீடு கோரப்போவதில்லை என இலங்கையின் சார்பில் அவர் அறிவித்தார்.

ஒருநாள் பயணம்

வடக்கே உள்ள கிட்டா-காமாகுரா நிலையத்தில் இறங்குவோர் முதலில் எங்ககு-ஜி கோயிலைக் காணலாம். மங்கோலியப் படையெடுப்புகளில் மாண்ட இருதரப்பினரையும் நினைவுகூர, 1282இல் ஹோஜோ தொக்கிமுனே இதனை நிறுவினார். அங்கிருந்து கென்சோ-ஜி கோயில் வழியாக நடந்து சுருகவோகா ஹச்சிமன் ஆலயத்தை அடையலாம். அவ்வாலயத்தின் முன்பிருந்து வகமியா ஓஜி வீதி நேராகக் கடற்கரைக்குச் செல்கிறது. காமாகுரா நிலையத்திலிருந்து 'எனோதென்' எனப்படும் சிறிய மின்தொடருந்தில் ஏறினால், மூன்றாவது நிலையமான ஹசே புத்தர் சிலைக்கு அருகிலுள்ளது. மேலும் இரு நிலையங்கள் சென்றால், 1333இல் படைகள் நுழைந்த இனமுராகசாக்கி கடற்கரையைக் காணலாம்.